பல்லி விழுந்த பலன்

4 ஜனவரி 2026, ஞாயிறு

சபையில் இன்று உடன்படிக்கை ஆராதனை. எங்கள் மெதடிஸ்ட் வழக்கப்படி, ஆண்டவருக்கு எங்களை மறுபடி ஒப்புக்கொடுக்க வருடத் தொடக்கத்தில் வருவது. 1755 ஆகஸ்ட் 11-ல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இதை முதன்முதலாக நடத்தியபோது ஏறக்குறைய 1,800 பேர் எழுந்து நின்று சம்மதம் சொன்னார்களாம். இங்கே கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் அறுபது பேர் நின்றோம். என்னைப் பயன்படுத்தினாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி என்று ஆண்டவரிடம் சொல்லும் இடம் ஒன்று அந்த ஜெபத்தில் உண்டு. நல்ல சத்தமாகவே சொன்னேன். சொல்வதற்கு வாய் வலிக்கவா போகிறது? அப்புறம் திருவிருந்து, வெளியே வந்ததும் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு.

22 ஜனவரி, வியாழன்

வீட்டு ஜெபக்கூட்டம். பைபிளில் ஆதியாகமம் 15, கர்த்தர் ஆபிராமோடு உடன்படிக்கை செய்யும் இடம். கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா மூன்றையும் நடுவாக வெட்டி எதிரெதிரே வைக்கிறான் ஆபிராம். அந்தக் காலத்தில் உடன்படிக்கை செய்கிறவர்கள் துண்டங்களின் நடுவே நடப்பார்கள். வாக்கு மீறினால் இந்தக் கதி எனக்கும் வரட்டும் என்று அதற்கு அர்த்தம். எரேமியா 34-லும் இந்த வழக்கம் வருகிறது. ஆனால் இங்கே ஆபிராம் நடக்கவே இல்லை. அயர்ந்து தூங்கிவிட்டான். புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும்தான் கடந்துபோகின்றன. அவை கர்த்தருக்கு அடையாளம், பொறுப்பு முழுவதையும் அவரே தம் தலையில் போட்டுக்கொண்டார் என்றார் போதகர்.

எனக்கு ஆபிராம் தூங்குவதற்கு முந்தின வசனத்தில்தான் மனம் நின்றது. இறங்கிவந்த பறவைகளை ஆபிராம் துரத்தினான். அவன் செய்தது அவ்வளவுதான், காக்கை ஓட்டினான்.

1 பிப்ரவரி, ஞாயிறு

தைப்பூசம். பத்துமலைக்குப் போகும் ரயிலில் நிற்க இடமில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் 48 நாள் விரதம் இருந்து காவடி எடுத்தார். இத்தனை நாளும் வெறும் தரையில் படுக்கை. எங்கள் நம்பிக்கை வேறுதான். ஆனாலும் என் பொருத்தனையை என் பக்கத்து வீட்டுக்காரர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார் என்ற கேள்வி தொண்டையில் சிக்கிக்கொண்டது.

7 பிப்ரவரி, சனி

சீனப் புத்தாண்டுக்குப் பத்து நாள்தான். எல்லா வீட்டிலும் ஏர்கோன் கழுவ வேண்டும். செத்தாபாக்கில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற சீன அங்கிள் ஒருவருக்கு, கேஸ் கசிவை அடைத்து நிரப்பித் தர 480 வெள்ளி (ரிங்கிட்) என்று புதன்கிழமை சொல்லியிருந்தேன். “வேறு செலவு வராதே?” என்று இரண்டு தடவை கேட்டார். வராது என்றேன்.

இன்று கசிவை அடைத்து, கேஸ் நிரப்பி, சுவிட்சைப் போட்டால் வெளி யூனிட் அசையவே இல்லை. மூடியைக் கழற்றினோம். சர்க்யூட் போர்டின் மேல் ஒரு பல்லி, கருகி, வால் மட்டும் முழுதாக ஒட்டிக்கொண்டிருந்தது. நாட்காட்டியில் பல்லி விழும் பலன் போட்டிருப்பார்கள். போர்டில் விழுந்தால் 260 வெள்ளி நஷ்டம் என்று எதிலும் இல்லை.

“அங்கிள்கிட்ட சொல்லிடலாம்ணே. பல்லிக்கு நாமளா பொறுப்பு?” என்றான் கூட வேலை செய்யும் தம்பி. நியாயம்தான். ஆனால் புதன்கிழமையே அந்த மூடியைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டியவன் நான். அவசரத்தில் விட்டுவிட்டேன். “ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்” என்று 15-ம் சங்கீதம் வேறு மண்டைக்குள் ஓடியது. புதுப் போர்டு வாங்கிப் போட்டேன். 480-தான் வாங்கினேன். என் கூலி அதோடு போயிற்று. திரும்பும் வழியெல்லாம் தம்பியிடம் எரிந்து விழுந்தேன்.

8 பிப்ரவரி, ஞாயிறு

ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கையில் பல்லிக் கதையை நாலு பேரிடம் சொன்னேன். ஐந்தாவது ஆளிடம் போனபோது மனைவி கையைப் பிடித்தாள். “நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்னுதாங்க இருக்கு. நஷ்டத்தை ஊருக்கெல்லாம் சொல்லுகிறான்னு இல்லை.”

இங்கே எழுதுவதும் அதே ரகம்தான், தெரிகிறது. தம்பியிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன். அவன் நெளிந்தான்.

20 பிப்ரவரி, வெள்ளி

ஏணியிலிருந்து இறங்கும்போது முதுகு பிடித்து மூன்று நாளாகப் படுக்கை. ஒதுக்கி வைத்தாலும் சரி என்று சொன்ன வாய், காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது. தம்பி தனியாக வேலைக்குப் போயிருக்கிறான்.

பதினொரு மணிக்கு வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பினான். இன்னும் விலை சொல்லவில்லையாம். மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து எடுத்திருக்கிறான்.

“பல்லி இல்லைண்ணே.”