0.07 டிகிரி

அமெரிக்கக் கோதுமைச் சமவெளியில், ஒரு சிறு தானியங்கி வானிலை வலையமைப்பின் தரவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒவ்வொரு கோபுரத்திலும் இரண்டு வெப்பமானிகள்: ஒன்று 1.5 மீட்டரில், இன்னொன்று 9 மீட்டரில். 1994 முதல் இயங்கும் ஓக்லஹோமா மாநில வானிலை நிலைய வலையமைப்பான மீசோநெட்டைப் பார்த்து வைத்த உயரங்கள் அவை.

நிலம் காற்றுக்குக் கொடுக்கும் வெப்பத்தை நேரடியாக அளக்கும் கருவியை எல்லா நிலையத்திலும் வைக்கக் கட்டுப்படியாகாது. அதனால் இந்த இரண்டு உயரங்களுக்கும் இடையிலான வெப்பநிலை வித்தியாசத்தையும் காற்றின் வேகத்தையும் வைத்து அந்த வெப்பத்தைக் கணக்கிடுவோம். நிகரக் கதிர்வீச்சிலிருந்து, அதாவது நிலத்துக்கு வந்த கதிர்வீச்சில் திரும்பிப் போனது போக மிச்சத்திலிருந்து, இதையும் மண்ணுக்குள் இறங்கும் வெப்பத்தையும் கழித்தால் மிஞ்சுவது நீர் ஆவியாகச் செலவானது. ஆக, காற்றுக்குப் போன வெப்பத்தின் எண் தப்பினால் பயிர் குடித்த தண்ணீரின் கணக்கும் தப்பு.

ஏப்ரலில் ஒரு நிலையத்தில் மட்டும், நிலம் காற்றுக்குக் கொடுக்கும் நண்பகல் வெப்பம் எகிறியது. சுற்றிலும் கோதுமை பச்சைப் பசேலென்று நிற்கும் மாதம் அது. பயிர் தண்ணீரில்லாமல் வாடுகிறது என்று அறிக்கையே எழுதிவிட்டேன். ஆனால் அனுப்ப மனம் வரவில்லை. பக்கத்து நிலையங்களில் அப்படி எதுவும் இல்லையே?

நண்பகலிலேயே இரண்டு வெப்பமானிகளுக்கும் இடையிலான வித்தியாசம் ஏறக்குறைய ஒரு டிகிரிதான். அதில் 0.3 டிகிரி பிசகினால் வெப்பக் கணக்கில் கால் பங்குக்கு மேல் போய்விடும். சரி, வெயிலே இல்லாத நேரத்தைப் பார்ப்போம் என்று, வானம் முழுக்க மேகம் மூடி, பலமாகக் காற்றடித்த இரவுகளை மட்டும் பிரித்தெடுத்தேன். அப்படிப்பட்ட இரவில் காற்று நன்றாகக் கலந்துவிடும். மேலே போகப் போக நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். நம்முடைய 7.5 மீட்டர் இடைவெளிக்கு 0.07 டிகிரி. மற்ற நிலையங்கள் அதையொட்டியே காட்டின. இந்த நிலையம் மட்டும் இரவுக்கு இரவு 0.4 காட்டியது.

டெக்னீஷியனோடு நேரில் போனேன். மேலிருந்த வெப்பமானியை இறக்கி, கீழே உள்ளதன் பக்கத்திலேயே கட்டிவிட்டு வேலியோரம் காத்திருந்தோம். ஒரே காற்று, ஒரே உயரம். ஆனாலும் கீழ்வெப்பமானி விடாமல் 0.3 டிகிரி கூடுதலாகவே காட்டிக்கொண்டிருந்தது. அதை மாற்றினோம். பழைய தரவில் அந்த அளவைக் கழித்து மறுபடி கணக்கிட்டதும், வாடியதாக நான் எழுதிய பயிர் பக்கத்து வயல்களைப் போலவே தாராளமாகத் தண்ணீர் குடித்திருந்தது தெரிந்தது. அந்த அறிக்கையைக் கிழித்துப் போட்டேன்.

அதன்பின் மாதத்துக்கு ஒருமுறை எல்லா நிலையங்களுக்கும் இந்த மேகமூட்ட இரவுச் சோதனையைச் செய்தேன். ஜூனில் அறுவடை இயந்திரங்கள் போன பிறகு, அதே நிலையத்தில் நண்பகல் வெப்பம் மறுபடி எகிறியது. இந்த முறை பக்கத்து நிலையங்களிலும் எகிறியது. இரவுச் சோதனையைப் பார்த்தேன்: 0.07.