மாமியார் எங்கும் போவதில்லையாம்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக்குப் பயணக் கணக்கெடுப்பு என்று ஓர் ஆராய்ச்சிக் குழுவிலிருந்து வந்தார்கள். யார் யார் எங்கே, எத்தனை மணிக்கு, எதில் போனீர்கள் என்பதுதான் கேள்வி. காகிதத்தில் எழுதிக்கொண்டதோடு எங்கள் போனில் ஓர் ஆப்பும் போட்டார்கள். ஸ்மார்ட்போன் இல்லாத மாமியாருக்கு மட்டும் சின்னதாக ஒரு ஜிபிஎஸ் கருவி. 1996-லேயே அமெரிக்காவின் லெக்சிங்டனில் 100 வீடுகளில் இதைச் சோதித்திருக்கிறார்கள். அது காருக்குள் வைக்கிற கருவி.

"நான் எங்கம்மா போறேன், வீட்டோடதான் கிடக்கேன்" என்று மாமியார் சொல்ல, வந்த பெண் படிவத்தில் 'பயணம் இல்லை' என்று குறித்துக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் வரைபடத்தைத் திறந்தால் தெருத்தெருவாகக் கோடு. பால் பூத், சோமேஸ்வரர் கோயில், மார்க்கெட், பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்தது, டியூஷனில் விட்டது. "இதையெல்லாமா கேக்கறாங்க?" என்று அவருக்குச் சிரிப்பு. நடந்து அலைகிற சின்ன அலைச்சலை யாரும் வாயால் சொல்வதில்லை. சொல்லாதது கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாதவருக்கு எவன் நடைபாதை போடுவான்?

என் கோடு தனிக் கூத்து. அல்சூரில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் இறங்குகிறேன். எம்.ஜி. ரோடு தாண்டியதும் ரயில் நிலத்துக்கடியில் போய்விடும். குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னலாவது கிடைத்தால்தான் இடத்தைச் சரியாகக் கணிக்க முடியும். சுரங்கத்தில் ஒன்றும் கிடையாது. வரைபடத்தில் கப்பன் பார்க் பக்கம் காணாமல் போய், மெஜஸ்டிக் வாசலில் முளைத்திருந்தேன்.

அசையாமல் இரண்டு நிமிடம் இருந்தால் பயணம் முடிந்ததாக எடுத்துக்கொள்ளும்படி ஆப்பை வைத்திருந்தார்கள். நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னலில் அது எப்படி எடுபடும்? பைக்கில் போன என் கணவர் அங்கே ஏதோ வேலையாக நின்றதாகப் பதிவாகியிருந்தது. "ஆமா, புகை குடிக்க நின்னேன்" என்றார்.

இதையெல்லாம் தினமும் சாயங்காலம் உட்கார்ந்து திருத்த வேண்டும். எதற்குப் போனோம் என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும். மாமியார் நின்றது கோயிலுக்கா, வாசலில் இருக்கிற பூக்கடைக்கா என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. கொஞ்சம் சலிப்புதான், ஆனால் வெறும் ஞாபகத்தை வைத்து எழுதுவதைவிடச் சுலபம்.

உங்கள் வீட்டுக்கு வந்தால், கையெழுத்துப் போடும் முன் வீட்டு முகவரியைத் தரவிலிருந்து எப்போது நீக்குவார்கள் என்று கேளுங்கள்; நாங்கள் கேட்டு எழுதி வாங்கினோம். அப்புறம், போனில் பேட்டரி சேவரை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆப் பாதியில் தூங்கிவிடும்.