சோளகம் பிரித்த காய்கள்

1993இல் நாங்கள் உயர்தரம் படித்தபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை, படிப்பு ஜாம் போத்தல் விளக்கில். ஆனால் தாவரவியல் ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டிக்கு ஒரு குறையும் வரவில்லை. அடியில் இருக்கும் கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பினால் போதும். யன்னலைத் திறந்து வைக்கவேண்டும் என்பதுதான் வில்லங்கம்.

சூரியகாந்திக் குடும்பம் தொடங்கிய அன்று சேர், "பூவை விட்டிட்டுக் காயோடை வாங்கோ" என்றார். நாங்கள் விதை என்று நினைத்திருந்தது உண்மையில் காய். ஒரே விதையுள்ள உலர்ந்த கனி, சிப்செலா என்று பெயர். தலையில் நிற்கும் பஞ்சு, உருமாறிய புல்லி.

மைதானத்து ஓரத்தில் மூக்குத்திப்பூ என்று நாங்கள் சொல்லும் ரைடக்ஸ், வேலியோரம் சீதேவியார் செங்கழுநீர், கிணற்றடி வாய்க்காலில் கையாந்தகரை. மூன்றையும் கடதாசியில் பரப்பினேன். பஞ்சுள்ள இரண்டும் நெருங்கிய சொந்தம், கையாந்தகரை வேறு என்று எழுதி முடிக்கவும் யன்னலால் சோளகக் காற்று அடிக்கவும் சரியாக இருந்தது. பஞ்சுள்ளதெல்லாம் பறந்துபோய் முன்வாங்கில் இருந்தவர்களின் எண்ணெய்த் தலையில் ஒட்டிக்கொண்டது. கையாந்தகரை மட்டும் அசையாமல் கிடந்தது.

"சோளகமும் உம்மைப்போலத்தான் பிரிக்குது" என்றார் சேர்.

அப்புறம் தலைகளிலிருந்து பொறுக்கி எடுத்ததை ஒவ்வொன்றாகச் சிலைட்டில் வைத்தார். ரைடக்ஸின் பஞ்சு இழை ஒவ்வொன்றும் ஒரு பறவை இறகு. செங்கழுநீருடையது வெறும் சொரசொரத்த மயிர். அதன் அடியில் குட்டையாக இன்னொரு வரிசை. பஞ்சே இரண்டு விதம். ரைடக்ஸ் காயின் உடம்பிலும் பட்டுமயிர் உண்டு. பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு உயிர்க்கலம் ஒட்டி நின்று நுனி பாம்பு நாக்காகப் பிளந்திருக்கும். அந்த மயிரைப் பார்த்துவிட்டு நான் அன்று மத்தியானம் சாப்பிடவே போகவில்லை.

விஷயம் சுவரில்தான் இருந்தது. ரைடக்ஸிலும், கரடுமுரடான கையாந்தகரையிலும் காய்ச்சுவருக்குள் கரிபோல ஒரு கறுப்புப் படை. பைற்றோமெலனின், அமிலத்திலும் கரையாது. செங்கழுநீரில் அது கிடையாது. ஆக, நெருங்கிய சொந்தம் ரைடக்ஸும் கையாந்தகரையும். என் விடையில் சேர் பெரிய சிவப்புக் கோடு போட்டார். பஞ்சு, பறக்கிற தேவைக்கு ஏற்ப மாறுமாம், இல்லாமலும் போகுமாம்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரான்சின் ஹென்றி கசினி இந்தக் காயையும் பஞ்சையும் தூக்கிப் பார்த்துக் குடும்பத்தைப் பிரிக்கத் தொடங்கியவர். நான்கு தலைமுறை வான்நோக்கிய வீட்டுப் பிள்ளை அவர். குனிந்து பூண்டு பார்த்தார். இப்போது இலத்திரன் நுணுக்குக்காட்டி இருக்கிறது. எங்களுக்கு வெய்யில் இருந்தது.

இங்கே ரொறன்ரோவில் மே பிறந்தால் புல்வெளி முழுக்க டன்டிலயன், அதுவும் சூரியகாந்திக் குடும்பம்தான். பஞ்சு உண்டு, கறுப்புப் படை இல்லை. ரைடக்ஸைவிடச் செங்கழுநீருக்குத்தான் கிட்டின சொந்தம். பிடுங்கச் சொல்லி மனைவி நிற்பாள். நான் கைவில்லையைத் தேடிக்கொண்டிருப்பேன்.