மிளகாய் இல்லாத திருவிழா

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில், இடைக்காலத் தமிழ்ச் சந்தை ஒன்றை ஒரு நாள் முழுவதும் நடித்தும் சமைத்தும் விற்றும் காட்டும் விழாவை இந்த ஆண்டு மாசி மாதத்தில் நடத்தி முடித்தோம். ஊர் நூலகத்தில் கூடும் இளைஞர்கள் சிலர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர், மகளிர் சுயஉதவிக் குழுவினர், அவர்களுடன் நான் என்று எல்லோருமே சம்பளமில்லாத ஆட்கள்தாம். ஐரோப்பிய நாடுகளில் கோட்டை, கொல்லன் உலை, குதிரை வீரர் என்று இத்தகைய விழாக்கள் நடப்பதைக் கைப்பேசியில் பார்த்த தம்பி ஒருவர்தான் பேச்சைத் தொடங்கி வைத்தார். வேறு ஊரில் யாரேனும் இதைச் செய்ய நினைத்தால், எதை முதலில் முடிவு செய்ய வேண்டும், எந்த இடத்தில் பேச்சு நீளும் என்பது தெரிந்திருந்தால் நல்லது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது காலம். "இடைக்காலம்" என்று பொதுவாகச் சொன்னால் அதற்குள் பல்லவரும் வருவார்கள், நாயக்கரும் வருவார்கள். கூட்டத்தில் ஆளுக்கொரு நூற்றாண்டு இருந்தது. பெரும்பாலானோர் கேட்டது இராசராசனைத்தான். அரியணை, வெண்கொற்றக்குடை, யானைக்குப் பதிலாக அலங்கரித்த டிராக்டர் என்று திட்டம் வேகமாக வளர்ந்தது. அரசன் வந்துவிட்டால் மற்ற எல்லோரும் அவனுக்குக் குடைபிடிக்கும் கூட்டமாகிவிடுவார்கள் என்பது என் எண்ணம்; அதைச் சொன்னபோது பலருக்குப் பிடிக்கவில்லை. ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்தான் வழி காட்டினார். பழனியிலிருந்து கொழுமம் செல்லும் வழியில் உள்ள ஐவர்மலையில், சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. இரண்டாம் வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு அது. சாந்திவீரக்குரவர் என்ற சமணத் துறவி அங்கே பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியின் திருமேனியையும் புதுப்பித்து, 505 காணம் பொன் கொடுத்ததை அக்கல்வெட்டு சொல்கிறது. வரகுணனின் ஆட்சித் தொடக்கத்தைக் கணிக்க அறிஞர்களுக்கு உதவிய கல்வெட்டு என்பதால் வரலாறு படித்தவர்கள் அதை அறிவார்கள். மலையடிவாரத்திலேயே இருந்தும் எங்களில் பாதிப் பேர் அங்கே போனதில்லை. ஒரு முனையில் இதை வைத்துக்கொண்டோம். மறுமுனையில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919லும் 921லும் வெட்டப்பட்ட, குடத்தில் ஓலையிட்டு ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்த முறையைச் சொல்லும் உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுகளை வைத்துக்கொண்டோம். ஆக 870 முதல் 921 வரையிலான ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளே எங்கள் விழாவின் காலம். இராசராசன் அரியணை ஏறியது 985இல். தஞ்சைப் பெரிய கோயில் அதற்கும் பிந்தியது. அரசனைப் பற்றிய வாக்குவாதம் அந்த ஒரு கணக்கிலேயே முடிந்துபோனது.

பிறகு எழுந்த கேள்விகளுக்கெல்லாம் ஒரே விதியை வைத்தோம்: முந்தியது இருக்கலாம், பிந்தியது கூடாது. 921இல் வாழ்ந்த ஒருவருக்குச் சங்கப் பாட்டுத் தெரிந்திருக்கலாம், பாட்டன் காலத்து மரக்கால் வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் இன்னும் பிறக்காத ஒன்று அவர் கையில் இருக்க வழியில்லை. உடலுக்கு வேண்டியதற்கு மட்டும் விலக்கு. மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, செருப்பு, மருந்து, இருதயம் பழுதானவரின் கம்பளிச் சட்டை ஆகியவற்றைப் பற்றி யாரும் யாரையும் கேட்கக்கூடாது என்று எழுதியே ஒட்டினோம்.

விதி எளிது, அதைச் சமையலறைக்குள் கொண்டுபோவது எளிதன்று. எங்கள் மலையின் தோட்டங்களில் விளைவதை ஒரு தாளில் எழுதி, பிந்தியவற்றை அடித்துக்கொண்டே வந்தோம். சௌசௌ போயிற்று, பீன்ஸ் போயிற்று, உருளைக்கிழங்கு போயிற்று, பட்டர் ஃப்ரூட் போயிற்று. இவை எல்லாமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியதற்குப் பிறகுதான் அந்தக் கண்டத்துப் பயிர்கள் ஒவ்வொன்றாக இந்நாட்டுக்கு வரத் தொடங்கின. தக்காளியும் மிளகாயும் அப்படியே. காபியும் அடிபட்டது, வீட்டுக்கு வீடு காபிச் செடி நிற்கும் ஊரில் அந்த ஒரு கோட்டை இழுக்க யாருக்கும் மனம் வரவில்லை. தாளில் மிஞ்சியவை மிளகு, ஏலம், மலைவாழை, பலா, அவரை, இஞ்சி, மஞ்சள், தேன். இன்று எங்கள் வயிற்றை நிரப்பும் வருமானத்தில் பெரும்பகுதி அடித்த பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை அந்தத் தாளைப் பார்த்த பிறகே பலரும் உணர்ந்தார்கள்.

சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் திருவமுதுக்கான பட்டியலில் அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு, புளி, வாழைப்பழம் ஆகியவை திரும்பத் திரும்ப வரும். அதையே அடிப்படையாகக் கொண்டு, தினைச்சோறு, சாமைச்சோறு, மிளகுக் குழம்பு, கொள்ளுத் துவையல், அவரைக்காய்ப் பொரியல், தேன் கலந்த தினைமாவு, அப்பம் என்று ஓர் உணவுத் திட்டம் போட்டோம். சுயஉதவிக் குழுவின் தலைவியான அக்கா அதைப் படித்துவிட்டு, "மிளகாய் இல்லாமல் துவையல் எப்படித் தம்பி உள்ளே போகும்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. முதல் சோதனைச் சமையலில், காரம் போதாதென்று மிளகை அள்ளிப் போட்ட குழம்பை யாராலும் இரண்டு கவளத்துக்கு மேல் உண்ண முடியவில்லை. மிளகாயின் காரம் நாக்கில் நிற்கும். மிளகின் காரமோ தொண்டைக்குள் இறங்கி மூக்கில் ஏறும். அதைக் குறைக்காமல் தணிப்பதற்கு அக்கா கண்டுபிடித்த வழி, மிளகை நெய்யில் வெடிக்கும்வரை வறுத்து, சீரகமும் ஊறவைத்த துவரம்பருப்பும் சேர்த்து அம்மியில் மையாக அரைத்துப் புளிக்கரைசலில் கொதிக்கவிடுவது. பருப்பு குழம்பைக் கெட்டியாக்கி மிளகைப் பிடித்து வைத்துக்கொண்டது. மிக்சியில் அரைத்ததையும் அம்மியில் அரைத்ததையும் அருகருகே வைத்து ருசி பார்த்தோம். அம்மிக் குழம்பே மேல் என்று எல்லோரும் சொன்னார்கள், அரைத்தவர்களைத் தவிர. அவர்கள் தோள்வலியைப் பற்றி மட்டுமே பேசினார்கள். எனவே அரைப்பதற்கு ஆண்களையும் சேர்த்து முறைவைத்தோம். காபிக்குப் பதிலாகச் சுக்கும் கொத்துமல்லி விதையும் தட்டிப் போட்ட கருப்பட்டி நீர் கொடுத்தோம். தொண்டர்களுக்கான காபி, மந்தைக்குப் பின்னால் தார்ப்பாய் மறைவில் இரகசியமாக ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாட்டில் வந்த சிக்கல் இதைவிட நுட்பமானது. எங்கள் ஊர்ப் பஜனைக் குழுவினர் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து செல்பவர்கள். திருப்புகழும் காவடிச் சிந்தும் அவர்களுக்கு மூச்சு. அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டினர். காவடிச் சிந்தோ 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பெரியவர்களிடம் "உங்கள் பாட்டு பிந்தியது" என்று சொல்லும் பொறுப்பை யாரும் ஏற்க முன்வரவில்லை. கடைசியில், சந்தை தொடங்குவதற்கு முன் விடியற்காலையில் முருகன் கோயிலில் திருப்புகழ் பாடுவது, சந்தைக்குள் வந்த பிறகு தேவாரமும், திருமுருகாற்றுப்படையில் திருவாவினன்குடி வரும் பகுதியும் பாடுவது என்று முடிவாயிற்று. திருவாவினன்குடி என்பது பழனியேதான் என்பதால் அவர்களுக்கும் மகிழ்ச்சி. ஆர்மோனியம் மட்டும் வீட்டில் தங்கியது. சுதி சேரவில்லை என்று ஒருவர் கடைசிவரை குறைபட்டுக்கொண்டார்.

உடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தைக்காத பருத்தித் துணி என்றோம். ஆண்கள் வேட்டியும் மேல்துண்டும் கட்டினார்கள். அக்காலச் சிற்பங்களைச் சான்று காட்டி இரவிக்கை கூடாது என்று ஒருவர் தொடங்கினார். அந்தப் பேச்சில் ஆண்களுக்கு வாக்கில்லை என்று பெண்கள் தீர்த்துவிட்டார்கள், இரவிக்கை இருந்தது.

ஒரு முன்மொழிவை மட்டும் நாங்கள் விவாதிக்கவே இல்லை. எங்கள் மலையின் பழங்குடியினரான பளியர் குடியிருப்பைச் சேர்ந்தவர்களை இலைதழை உடுத்தி நிறுத்தினால் "பழங்காலம்" தத்ரூபமாக இருக்கும் என்று, நன்கொடை தர வந்த வெளியூர்க்காரர் ஒருவர் சொன்னார். குழுவில் இருந்த பளியர் தம்பி, "அண்ணே, நாங்களும் 2019லிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிற இந்தக் காலத்தில்தான் இருக்கோம்" என்றார். நன்கொடை வரவில்லை. அவரும் அவருடைய உறவினர்களும் தேன் கடை வைத்தார்கள். எந்தக் கிழங்கை எந்தப் பருவத்தில் தோண்டுவது என்று மாணவர்களுக்கு விளக்கியதும் அவர்கள்தான். அந்தக் கடையில்தான் கூட்டம் நெடுநேரம் நின்றது.

அனுமதி வாங்குவதை முன்கூட்டியே தொடங்க வேண்டும். ஊராட்சி, காவல் நிலையம், தீயணைப்பு நிலையம் ஆகிய மூன்றோடு, மலையில் வனத்துறையும் உண்டு. மாசி, பங்குனியில் புல் காய்ந்து காட்டுத்தீ பிடிக்கும் காலம் என்பதால், நாங்கள் ஆசையோடு திட்டமிட்ட தீப்பந்த ஊர்வலத்தைக் கைவிட்டோம். அடுப்புகளையும் மண் மேடை போட்டு ஒரே வரிசையில் வைத்து, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியும் மணல் வாளியும் நிறுத்தினோம். இருட்டிய பிறகு காட்டுமாடும் சில நாட்களில் யானையும் தோட்டங்களுக்குள் வரும் என்பதால் மாலை ஐந்து மணிக்கே சந்தையைக் கலைக்க முடிவு செய்தோம். ஒரு அலுவலகத்தில் எங்கள் விண்ணப்பம் காணாமல்போய் மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. நகலில் முத்திரை வாங்கி வைத்திருந்ததால் தப்பித்தோம். இரும்பு வாள் வேண்டாம், மரவாளும் சிலம்பமும் போதும் என்பது எங்கள் முடிவு. கூட்டத்துக்கு நடுவே சிலம்பம் சுற்றினால் ஆபத்து என்பதால் கயிறு கட்டி வட்டம் ஒதுக்கினோம். வெளியூரிலிருந்து வண்டியில் கொடைக்கானல் பக்கம் வருவோருக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை இருப்பதால், அதை அழைப்பிதழின் முதல் வரியிலேயே போட்டோம். நாள் குறிக்கும்போது தைப்பூசமும் காபிப் பழம் பறிக்கும் காலமும் முடிந்திருக்க வேண்டும், பொதுத்தேர்வு தொடங்கியிருக்கக் கூடாது. இந்த மூன்றுக்கும் நடுவே கிடைத்தது மாசியில் ஒரு ஞாயிறு மட்டுமே.

சந்தைக்குள் ரூபாய் செல்லாது. நுழைவாயிலில் பணத்தைக் கொடுத்து, அடிவாரத்துக் குயவர் ஒருவர் சுட்டுக் கொடுத்த மண்வில்லைகளை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வில்லை பத்து ரூபாய். அதற்கு ஐவர்மலைக் கல்வெட்டின் நினைவாகக் காணம் என்று பெயரிட்டு, ஒரு பக்கம் பாண்டியர் சின்னமான இரட்டைக் கயல் பொறித்தோம். கியூஆர் அட்டை அந்த ஒரு இடத்தில் மட்டும் இருந்ததால் கணக்கும் சுலபமாயிற்று. தானியம் விற்ற கடையில் எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம் என்று பலகை எழுதி வைத்தோம். ஒரு கலத்துக்கு எத்தனை நாழி என்று கேட்டு, தொண்ணூற்றாறு என்று மனக்கணக்காகச் சொன்ன பிள்ளைக்கு ஒரு அப்பம் இலவசம். பனையோலை மலையில் கிடைக்காது. கீழிருந்து வரவழைத்து, வேகவைத்து உலர்த்திப் பதப்படுத்தினோம். பிள்ளைகள் எழுத்தாணியை அழுத்திப் பிடித்ததால் முதல் ஓலைகள் கிழிந்தன. எழுத்தாணியை அசைக்காமல் ஓலையை நகர்த்தச் சொல்லிக் கொடுத்த பிறகு, பழைய தமிழ் எழுத்து வடிவமான வட்டெழுத்தில் பெயர் எழுதுவது அவர்களுக்குக் கைவந்தது. விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துணியால் துடைத்ததும், ஒன்றுமே இல்லாததுபோல் இருந்த ஓலையில் கீறல்கள் கறுத்து எழுந்தபோது பெரியவர்களும் வரிசையில் வந்து நின்றார்கள்.

குடவோலை நிகழ்ச்சியைப் பற்றி எங்களுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. உத்திரமேரூரில் ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது பகுதிகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொல்லி, தேர்வானவர்களில் பன்னிருவரைச் சம்வத்சர வாரியம் என்ற ஆண்டுக் குழுவுக்கும் பன்னிருவரைத் தோட்ட வாரியத்துக்கும் அறுவரை ஏரி வாரியத்துக்கும் அமர்த்தினார்கள். இது பெருமைக்குரியதுதான். ஆனால் அது பிராமணர் சபை. வரி செலுத்தும் கால்வேலிக்கு மேல் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயதும் வேண்டும். பெண்களுக்கு அதில் இடமில்லை. இதை மறைத்துவிட்டு "அன்றே மக்களாட்சி" என்று பலகை வைக்க எனக்கு உடன்பாடில்லை. பலகையில் இரண்டையும் எழுதினோம். நடத்தியபோது, நிலமும் சாதியும் பாலும் பாராமல், பதினெட்டு வயதான ஊரார் எல்லோருடைய பெயரையும் குடத்தில் போட்டோம். இங்கே மட்டும் எங்கள் விதியை நாங்களே மீறினோம். முந்தைய பொறுப்பில் கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது என்ற பழைய தகுதியை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டோம். அதை ஆசிரியர் உரக்கப் படித்தபோது கூட்டத்தில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒன்றாம் வகுப்புச் சிறுமி எடுத்த ஆறு ஓலைகளுக்கு உரியவர்களே எங்கள் ஏரி வாரியம். ஊர் ஓடையைக் கோடைமழைக்கு முன் தூர்வாரும் பொறுப்பு அவர்களுக்கு.

விழாவுக்குப் பின் திரும்பி வராத மண்வில்லைகளால் கையில் கொஞ்சம் பணம் மிஞ்சியது. நினைவுப் பொருளாகப் பலர் எடுத்துச் சென்றிருந்தார்கள். வரவு செலவை நூலக வாசலில் ஒட்டினோம். மிஞ்சிய தொகையை ஓடை வேலைக்கு மண்வெட்டியும் கூடையும் வாங்க ஏரி வாரியத்திடம் ஒப்படைத்தோம். அடுத்த ஆண்டும் இதே ஐம்பது ஆண்டுகளுக்குள் நிற்பதா, பஜனைக் குழுவினர் கேட்பதுபோல் 15ஆம் நூற்றாண்டுக்கு நகர்வதா என்பதை ஆடி மாதக் கூட்டத்தில் பேசவிருக்கிறோம். எந்தப் பக்கம் முடிவானாலும் மிளகாய்க்கு இடமிருக்காது என்று அக்காவிடம் இப்போதே சொல்லிவிட்டோம்.