டோபமைனும் அடங்காத வேட்கையும்

செய்தித்தாள்களிலும் யூடியூப் காணொளிகளிலும், மூளையில் நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைனை ‘இன்பம் தரும் ரசாயனம்’ என்று சொல்லிவருவதைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. போதையில் சிக்கியவர் சுகத்துக்காக அலைபவர், மனம் வைத்தால் விட்டுவிடக்கூடியவர் என்ற எண்ணத்துக்கு அந்தப் பெயர் துணைபோகிறது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜும் டெர்ரி ராபின்சனும் 1980களின் இறுதியில் செய்த சோதனையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எலிகளின் மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பிழைகளை ஒரு நச்சுப்பொருளால் அவர்கள் ஏறத்தாழ முழுவதுமாக அழித்தார்கள். அதன்பின் அந்த எலிகள் தீனியைக் கண்முன்னே வைத்தாலும் தொடவில்லை. குழாய் வழியாக ஊட்டித்தான் அவற்றை உயிரோடு வைத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் சர்க்கரைக் கரைசலை வாயில் விட்டபோது, நலமான எலிகளைப் போலவே நாக்கை நீட்டி உதட்டை நக்கிக்கொண்டன. சுவையின் இன்பம் அப்படியே இருந்தது. அதைத் தேடிப் போகவைக்கும் உந்துதல்தான் போயிருந்தது. போதைப்பொருளைத் திரும்பத் திரும்ப எடுக்கும்போது இந்த உந்துதல் மேன்மேலும் கூர்மையடைகிறது என்றும், கிடைக்கும் இன்பம் குறைந்துகொண்டே வந்தாலும் வேட்கை வளர்கிறது என்றும் 1993இல் இருவரும் எழுதினார்கள். ‘இப்போதெல்லாம் அதில் ஒரு சுகமும் இல்லை, ஆனாலும் விட முடியவில்லை’ என்று புலம்புபவர் பொய் சொல்லவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

ஊக்கப் போதைப்பொருள்கள் இந்த அமைப்பை நேரடியாகவே தாக்குகின்றன. நரம்பணு தான் வெளிவிட்ட டோபமைனைத் திரும்ப உள்ளிழுத்துக்கொள்ள ஒரு புரதம் உதவுகிறது. கோகெயின் அந்தப் புரதத்தை அடைத்துவிடுகிறது. மெத்தாம்பெட்டமினோ அதைத் தலைகீழாக இயங்கவைத்து, உள்ளே சேமித்திருப்பதையும் வெளியே கொட்டச் செய்கிறது.

ஏ.டி.ஹெச்.டி எனும் கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு மருத்துவர்கள் எழுதித்தரும் மெத்தில்ஃபெனிடேட்டும் அதே புரதத்தைத்தான் தடுக்கிறது என்று அறியும் பெற்றோர் பதறுவது இயல்பே. மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவும் அவருடைய குழுவினரும் 1990களில், மூளைக்குள் நடப்பதைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் கொண்டு நடத்திய ஆய்வுகள், மாத்திரையாக விழுங்கும் வழக்கமான அளவே அந்தப் புரதத்தில் பாதிக்கு மேல் தடுத்துவிடுவதைக் காட்டின. இருந்தும் அந்த மாத்திரை போதை ஏற்றாததற்கு வேகமே முதன்மையான காரணம்: புகைத்தோ ஊசியிலோ ஏற்றிய கோகெயின் சில நிமிடங்களுக்குள் மூளையில் உச்சத்தை எட்ட, விழுங்கிய மாத்திரைக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறது. அதனால்தான் மருத்துவர் சொன்ன அளவையும் முறையையும் மீறி, அதே மாத்திரையைப் பொடித்து மூக்கில் உறிஞ்சுவது பேராபத்தாகிறது.

டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதால் நடுக்கமும் உடல் இறுக்கமும் வரும் பார்க்கின்சன் நோயாளிகளின் அனுபவமும் இதையொட்டியதே. நரம்பணுக்களில் டோபமைனை ஏற்கும் ஏற்பிகளைத் தூண்டும் பிரமிபெக்சோல் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்களில் சிலருக்கு, வாழ்நாளில் சீட்டைத் தொட்டறியாதவர்களுக்கும்கூட, சூதாட்ட வெறி பிடித்துக்கொள்கிறது. மருத்துவர் மருந்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பெரும்பாலும் அது தணிந்துவிடுகிறது. அவர்களை ஒழுக்கம் கெட்டவர்கள் என்று எவரும் ஏசுவதில்லை. அதே பரிவைக் கோகெயினில் சிக்கியவருக்கு மட்டும் நாம் ஏன் மறுக்க வேண்டும்?

ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளின் பழக்கத்துக்குச் சிகிச்சையாக மெத்தடோன், புப்ரெனார்ஃபின் என்ற மருந்துகள் உண்டு. ஆனால் கோகெயின், மெத்தாம்பெட்டமின் பழக்கங்களுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதுவரை எந்த மருந்துக்கும் ஒப்புதல் அளிக்கவில்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லை என்று தெரியும் ஒவ்வொரு முறையும் சிறு பரிசோ கூப்பனோ உடனே வழங்கும் முறையே இப்போதைக்கு ஆய்வுகளில் சிறந்த பலன் தந்திருக்கிறது. போதைக்காரருக்குப் பணம் கொடுப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பதால், அந்தச் சிகிச்சை தேவைப்படுவோரில் மிகச் சிலரையே சென்றடைகிறது.