ஒரு டைப் 2 வெடிப்பின் வேகத்தைக் கண்டுபிடித்த அனுபவம்

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு சூரியனின் ரேடியோ வெடிப்புகளை, அதாவது சூரியனிலிருந்து திடீரென்று கிளம்பும் ரேடியோ அலைகளை, எடுத்துக்கொண்டேன். இதற்குச் சொந்தமாக ஆன்டெனா எதுவும் தேவையில்லை. ஈ-காலிஸ்டோ என்ற உலகளாவிய வலையமைப்பின் தரவு எல்லாருக்கும் இலவசம். சூரிச்சில் கிறிஸ்டியன் மான்ஸ்டைன் உருவாக்கிய ரிசீவர்தான் இதன் அடிப்படை. 45 முதல் 870 மெகாஹெர்ட்ஸ் வரை பதிவு செய்யும். ஊட்டியிலும் கர்நாடகாவின் கௌரிபிதனூரிலும்கூட நிலையங்கள் உண்டு.

முதல் வேலை, நல்ல நிகழ்வு ஒன்றைப் பிடிப்பது. அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா வெளியிடும் தினசரிப் பட்டியலில் ரேடியோ வெடிப்புகள் வகை, நேரத்தோடு இருக்கும். அதில் டைப் 2, அதாவது அதிர்ச்சி அலை எழுப்பும் வகை, என்று குறித்திருந்த ஒன்றை எடுத்தேன். நேரமெல்லாம் உலகப் பொது நேரத்தில் இருப்பதால், நம் நேரத்துக்கு மாற்ற அதோடு ஐந்தரை மணி கூட்டி, நம் பகலில் வருவதாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோப்புகள் 15 நிமிடத் துண்டுகளாக இருக்கும். வெடிப்பு இரண்டு கோப்புகளில் பாதி பாதியாக விழுந்தால் பைத்தானில் ஒட்டவைத்துக்கொள்ளலாம், அது சுலபம்.

கோப்பை நேரம் கிடையாகவும் அதிர்வெண் செங்குத்தாகவும் வைத்து அப்படியே வரைந்தால் படுக்கைக் கோடுகள் மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ரிசீவரின் உணர்திறன் ஒரே மாதிரி இருக்காது. ஆகவே ஒவ்வொரு அதிர்வெண்ணின் பின்னணி அளவையும் கழிக்க வேண்டும். கோப்பு முழுவதற்கும் மீடியன் (நடு மதிப்பு) எடுத்துக் கழிப்பதுதான் வழக்கம். ஆனால் டைப் 2 பல நிமிடம் நீடிப்பதால் மீடியனே வெடிப்பின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். வெடிப்புக்கு முந்தைய அமைதியான சில நிமிடங்களை மட்டும் பின்னணியாக எடுத்தபோது படம் பளிச்சென்று வந்தது. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை எஃப்.எம். நிலையங்களின் பட்டை மட்டும் போகவே போகாது. அந்த இடத்தை மறைத்துவிட்டு, இருபுறமும் தெரியும் சுவடை வைத்து வேலை செய்தேன்.

டைப் 2, டைப் 3 என்ற வகைப்பாடு 1950-இல் ஆஸ்திரேலியாவில் வைல்டும் மெக்ரெடியும் செய்தது. சூரியனிலிருந்து மேலே போகப் போக அதன் வெளி வளிமண்டலமான கரோனாவில் எலக்ட்ரான் அடர்த்தி குறையும். அங்குள்ள எலக்ட்ரான்கள் இயல்பாக அதிரும் வேகமான பிளாஸ்மா அதிர்வெண் அந்த அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதனால் ஏதோ ஒன்று மேல்நோக்கிப் பாயும்போது அது எழுப்பும் ரேடியோ அலையின் அதிர்வெண் கீழே இறங்குகிறது. ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில் ஓடும் எலக்ட்ரான் கற்றையென்றால் சில நொடிகளில் சரசரவென்று இறங்கிவிடும். அது டைப் 3. அதிர்ச்சி அலையென்றால் நிமிடக் கணக்கில் சாய்வாக இறங்கும். அது டைப் 2. இரண்டையும் ஒரே படத்தில் பார்த்துவிட்டால் பிறகு குழப்பமே வராது.

சரி, சாய்வை அளந்தாகிவிட்டது. என் நிகழ்வில் 120 மெகாஹெர்ட்ஸிலிருந்து 60-க்கு இறங்க சுமார் 5 நிமிடம். இனி வேகம் கிடைத்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. டைப் 2 வெடிப்பு பெரும்பாலும் இரண்டு சுவடுகளாக வரும்: ஒன்று அடிப்படை அதிர்வெண், மற்றது அதன் இரட்டிப்பான ஹார்மோனிக். பல நேரம் ஹார்மோனிக்தான் தெளிவாகத் தெரியும். அடிப்படைச் சுவடு மங்கியோ, கருவியின் எல்லைக்குக் கீழேயோ போயிருக்கும். நாம் பார்ப்பது எது? எந்த உயரத்தில் கரோனாவின் எலக்ட்ரான் அடர்த்தி எவ்வளவு என்று சொல்லும், நியூகிர்க் 1961-இல் கொடுத்த மாதிரியை வைத்துக் கணக்கிட்டால், அடிப்படை என்று கொண்டால் நொடிக்கு சுமார் 550 கிலோமீட்டர். ஹார்மோனிக் என்றால் சுமார் 820. அடர்த்தியையே இரு மடங்காக எடுத்தால் அந்த 820-உம் 1,040 ஆகிவிடுகிறது. அளந்த சாய்வு ஒன்றுதான், வேகம் மட்டும் கிட்டத்தட்ட இரட்டிப்பு!

என் படத்தில் அடியில், சுமார் பாதி அதிர்வெண்ணில், மெலிதாக இன்னொரு சுவடு கொஞ்ச நேரம் தெரிந்தது. நிறச் சாயலை மாற்றி மாற்றி வரைந்து, இன்னொரு நிலையத்தின் கோப்பிலும் அதே நேரத்தில் அது இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. உள்ளூர் இரைச்சல் இரண்டு ஊர்களில் ஒரே நொடியில் வராது. ஆகவே பிரகாசமான சுவடு ஹார்மோனிக் என்று முடிவு செய்தேன். ஒரே நிலையத்தை மட்டும் வைத்து இந்த முடிவை எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசியாக, சூரிய வட்டை மறைத்துவிட்டு கரோனாவைப் படமெடுக்கும், சோஹோ விண்கலத்தின் லாஸ்கோ கரோனாகிராஃப் பட்டியலோடு ஒப்பிட்டேன். அந்த நேரத்தில் கிளம்பிய கரோனா நிறை வெளியேற்றத்தின் (சூரியன் வீசியெறியும் பிளாஸ்மா மேகத்தின்) வேகம் என் இரண்டு ஹார்மோனிக் மதிப்புகளுக்கும் நடுவில் விழுந்தது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. லாஸ்கோவின் சி2 கேமரா, சூரிய மையத்திலிருந்து சுமார் 2 சூரிய ஆரத்துக்கு மேல்தான் நன்றாகப் பார்க்கிறது. நியூகிர்க் மாதிரிப்படி என் அதிர்ச்சி அலையோ 1.4-க்கும் 1.8-க்கும் இடையில் ஓடியது. இரண்டும் ஒரே இடத்து வேகமில்லை. அந்த உள் கரோனாவை விண்வெளியிலிருந்து 1.05 சூரிய ஆரத்திலிருந்தே பார்க்கத்தான் இஸ்ரோவின் ஆதித்யா-எல்1-இல் வெல்க் என்ற கரோனாகிராஃப் கருவி இருக்கிறது. அறிக்கையில் ஒற்றை எண் கொடுக்காமல், 820 முதல் 1,040 வரை என்று எழுதி, எந்த மாதிரிக்கு எந்த மதிப்பு என்று அட்டவணை போட்டேன். எங்கள் வழிகாட்டி அட்டவணையைத்தான் அதிகம் கேள்வி கேட்டார். அடுத்து டைப் 3-க்கு இதே நிரலைப் பயன்படுத்தப் போகிறேன்; வெடிப்பே சில நொடிதான் இருக்கும் அங்கே, நொடிக்குச் சில அளவீடுகள்தான் பதிவாவதால் நேரத் துல்லியம்தான் சவால்.