மணி இரண்டு தடவை உறுமினான்

2023 பொங்கல், கரிநாள். உடுமலைப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது, அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாள், வாசல் திண்ணைக்குக் கீழே எங்கள் நாய் மணி ஒரு எலும்பை முன்னங்கால்களுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான். அக்கா மகனுக்கு அப்போது நாலு வயது. சமையல்கட்டில் நின்ற எனக்கு மணி உறுமுவது தெளிவாகக் கேட்டது. "மணி, சும்மா இரு" என்று அங்கிருந்தே அதட்டினேன். மறுபடி உறுமினான். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கக் கிளம்பினாள். "விடுக்கா, அவன் ஒண்ணும் பண்ண மாட்டான்" என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் பையன் அலறிவிட்டான்.

கண்ணுக்குக் கீழே கன்னத்தில் இரண்டு பல் பதிந்த இடம். அரை அங்குலம் மேலே போயிருந்தால் கண் போயிருக்கும் என்று டாக்டர் பின்னால் சொன்னார். அன்று நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மனசுக்குள் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததையும் எழுத வேண்டும். "நீங்க வளர்க்கிற நாய், நீங்கதானே பார்த்திருக்கணும்" என்றார் மாமா (அக்கா வீட்டுக்காரர்). "பிள்ளையை எலும்பு தின்கிற நாய்கிட்ட யாராவது விடுவாங்களா" என்றார் என் வீட்டுக்காரர். அம்மா நடுவில் நின்று அழுதாள். நாலு மாதம் இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு இல்லை. இதே சண்டையைத்தான் ஒவ்வொரு நாய்க்கடிச் செய்திக்குப் பிறகும் நாடே போடுகிறது, நாய் வளர்ப்பவர்கள் ஒரு பக்கம், பெற்றவர்கள் ஒரு பக்கம். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டு பேருக்கும் பொறுப்பு உண்டு, ஆனால் அது சரிபாதி கிடையாது. நாயைக் கொண்டுவந்தவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். நாலு வயதுப் பையனுக்கு எலும்பு தின்கிற நாயைப் பற்றி என்ன தெரியும்? எனக்குத் தெரியும். தெரிந்தும் எலும்பை வாசலில் போட்டது நான்.

உறுமல் என்பது நாய் நம்மிடம் பேசுகிற பேச்சு. "போதும், தள்ளிப் போ" என்று அது சொல்கிறது. அதற்கு முன்னாலேயே வேறு விதமாகவும் சொல்லியிருக்கும்: உடம்பை விறைத்துக்கொள்ளும், உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கடைக்கண்ணில் வெள்ளை தெரியப் பார்க்கும், தூக்கம் வராதபோதே கொட்டாவி விடும். இதெல்லாம் நான் பின்னால் ஒரு கால்நடை மருத்துவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டது. அவர் சொன்ன இன்னொன்று என்னை உலுக்கிவிட்டது. உறுமினால் அதட்டுகிற வீட்டில் நாய் உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது, அடுத்த தடவை எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும் என்றார். நான் மூன்று வருஷமாக மணியை அப்படித்தான் அதட்டிக்கொண்டிருந்தேன். நல்ல பழக்கம் கற்றுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு.

2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாடல் ஸ்கூல் சாலை மாநகராட்சிப் பூங்காவில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். பூங்காக் காவலாளியின் மகள், 5 வயது. இரண்டு ராட்வீலர் நாய்கள் சங்கிலி இல்லாமல் வந்து குழந்தையைக் குதறின. தடுக்கப் போன அம்மாவுக்கும் கடி. குழந்தைக்குத் தலையில் பிளாஸ்டிக் சர்ஜரி செய்ய வேண்டி வந்தது, நாயின் உரிமையாளர் கைதானார். அந்தச் செய்திக்குக் கீழேயும் "இருட்டின நேரத்தில் குழந்தையை ஏன் வெளியே விட்டார்கள்" என்று எழுதியவர்கள் இருந்தார்கள். அந்தக் குழந்தைக்குப் பூங்காதான் வீடு! அப்பாவுக்கு வேலையும் அங்கே, குடும்பம் இருப்பதும் அங்கே. தன் வீட்டு வாசலில் விளையாடிய பிள்ளையை ஏன் விட்டாய் என்று அந்த அம்மாவைக் கேட்க நமக்கு எப்படி மனசு வருகிறது?

அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் மத்திய அரசு 23 இன நாய்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியிருந்தது, அதில் ராட்வீலரும் பிட்புல்லும் இருந்தன, ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தக் கடிதத்தை ரத்து செய்தது. இனத்தைத் தடை செய்வது சரியா என்று நிறையப் பேர் நிறையப் பேசிவிட்டார்கள். ராட்வீலரின் தாடை பலமும் எங்கள் மணியின் தாடை பலமும் ஒன்று இல்லை, அதை மறுக்க மாட்டேன், மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் அவ்வளவு பெரிய காவல் நாயைப் பூட்டி வைத்து வளர்ப்பது அந்த நாய்க்கும் செய்கிற கொடுமை. ஆனால் எங்கள் அக்கா பையனைக் கடித்தது வீட்டில் பிறந்து வளர்ந்த, எல்லாரும் "தங்கமான நாய்" என்று கொஞ்சுகிற நாட்டு நாய். அதனால் இனத்தைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் நான் சங்கிலியைப் பற்றிக் கேட்பேன். லிஃப்ட்டில் ஏறும்போது கையில் சுற்றிப் பிடிக்கிறீர்களா? தடுப்பூசி அட்டை எங்கே இருக்கிறது என்று இப்போது கேட்டால் எடுத்துத் தர முடியுமா?

சட்டம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. தன்னிடம் இருக்கிற விலங்கால் மனித உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாதவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவில் அதிகபட்சம் 6 மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 289, அபராதம் வெறும் 1,000 ரூபாய். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் வாங்க வேண்டும், ரேபிஸ் தடுப்பூசி போட்டதற்குச் சான்று இல்லாமல் அது கிடைக்காது, உரிமத்துக்கு வெறும் 50 ரூபாய்தான் கட்டணமாக இருந்தது. அந்த 50 ரூபாயைக்கூடக் கட்டாமல் எத்தனை பேர் ஆயிரக்கணக்கில் குட்டி வாங்கினார்கள் என்பதை நினைத்தால் கோபமாக வருகிறது.

சரி, பெற்றவர்கள் பக்கம் வருகிறேன். என் அக்காவை நான் குறை சொல்லவே மாட்டேன், அவளைத் தடுத்ததே நான். ஆனால் குழந்தைகளை வைத்திருக்கிற எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்பது ஒன்று உண்டு: நாய்க்காரர் "கடிக்காது" என்றால் நம்பாதீர்கள். மரியாதைக்காகக்கூட நம்பாதீர்கள். உறவுக்காரர் வீடு என்றால் "நாயைக் கொஞ்சம் கட்டிப் போடுங்க" என்று கேட்க நமக்கு நாக்கு எழாது, தப்பா நினைப்பார்களோ என்று இருக்கும், நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். சின்னக் குழந்தையின் முகம் நாயின் வாய் இருக்கிற உயரத்தில்தான் இருக்கிறது, அதனால்தான் பெரியவர்களுக்குக் காலில் படுகிற கடி குழந்தைகளுக்கு முகத்திலும் கழுத்திலும் தலையிலும் படுகிறது. தின்னும்போதும் தூங்கும்போதும் குட்டி போட்டிருக்கும்போதும் எந்த நாய்கிட்டேயும் போகக் கூடாது, தெரியாத நாய் பக்கத்தில் வந்தால் ஓடாமல் கத்தாமல் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து மரம் மாதிரி நிற்க வேண்டும். இதை விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தால் நாலு வயதிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். அதற்காக அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட முடியாது, பெரியவர் ஒருவர் கூட நிற்கத்தான் வேண்டும்.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறு. 2023 செப்டம்பரில் உத்தரப் பிரதேசம் காஜியாபாத்தில் 14 வயதுப் பையன் ஒருவன் ரேபிஸில் இறந்தான். ஒரு மாதத்துக்கும் முன்பு பக்கத்து வீட்டு நாய் கடித்திருக்கிறது, பயந்துபோய் வீட்டில் சொல்லவே இல்லை. தண்ணீரைக் கண்டு மிரள ஆரம்பித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது, அந்தக் கட்டத்துக்கு மேல் காப்பாற்ற மருந்து கிடையாது. நம் பிள்ளைகள் ஏன் மறைக்கிறார்கள்? "அங்கே உனக்கென்ன வேலை" என்று முதல் அடி நம்மிடம்தான் விழும் என்று அவர்களுக்குத் தெரியும். அப்புறம் ஊசி பயம். தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்று இன்னமும் பிள்ளைகளை மிரட்டுகிறோமே, ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்தப் பழைய மருந்தை நிறுத்தி இருபது வருஷம் ஆகிவிட்டது! இப்போது கையில்தான் போடுகிறார்கள், அரசு ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் கடித்த அன்று, 3, 7, 28-ஆம் நாட்களில், மெல்லிய ஊசியில். தயவுசெய்து பிள்ளைகளிடம் இன்றைக்கே சொல்லுங்கள், நாய் கீறினாலும் கடித்தாலும் ஓடி வந்து சொல், திட்டவே மாட்டேன் என்று. சொன்ன பிறகு நிஜமாகவே திட்டாதீர்கள்.

அன்று நாங்கள் செய்த இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். ரத்தம் நிற்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி காப்பித்தூளோடு வந்தார், நாங்கள் தடுக்கவில்லை. காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் கூடாது. குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் இரண்டு நிமிஷத்திலேயே போதும் என்று தோன்றும். ரத்தம் வருகிற கடி என்றால் தடுப்பூசி மட்டும் போதாது, காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலினும் (ரேபிஸ் கிருமியை உடனே எதிர்க்கிற மருந்து) வேண்டும். நாங்கள் முதலில் போன இடத்தில் அது இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள், முக்கால் மணி நேரம் காரில் பையன் என் மடியில் "மணி ஏன் சித்தி கடிச்சான்" என்று கேட்டுக்கொண்டே வந்தான். மணிக்குத் தடுப்பூசி போட்டிருந்தேன், ஆனாலும் பையனுக்கு முழுதாகப் போட்டார்கள், மணியைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கச் சொன்னார்கள். அந்தப் பத்து நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

மணியைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடு என்று நிறையப் பேர் சொன்னார்கள். விடவில்லை. வேறு ஊர்த் தெருவில் விட்டால் அங்கே வேறொரு குழந்தை இருக்கும். பின்கட்டில் கம்பிக் கதவு வைத்தோம், யார் வந்தாலும் அவன் அதற்குள்தான், சாப்பாடும் அங்கேதான், எலும்பு வைத்தால் கதவைப் பூட்டிச் சாவியை நான் இடுப்பில் சொருகிக்கொள்வேன். அக்காவும் மாமாவும் இப்போது வந்து போகிறார்கள். பையன் கன்னத்தில் தழும்பு சின்னதாகத் தெரிகிறது. போன தடவை வந்தபோது கம்பிக் கதவிலிருந்து நாலு அடி தள்ளி நின்றுகொண்டு, "சித்தி, மணி சாப்பிட்டுட்டானா?" என்று கேட்டான்.

இன்னும் இல்லை என்றேன்.

"சரி, அப்புறமா வர்றேன்" என்று போய்விட்டான்.